தேதி போடாத தடைக்காலம்

ஏப்ரல் மூன்றாவது வாரம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் வரிசை கட்டி நின்றன. அந்த வாரம்தான், நாங்கள் ஐந்து பேர் கூட்டாகச் சந்தா கட்டிப் படிக்கும் வெளிநாட்டு விளையாட்டு இதழிலிருந்து கடிதம் வந்தது. இந்த இதழோடு வெளியீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறார்களாம். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம். மூன்று பத்திக் கடிதத்தில் தேதி என்று ஒன்றுகூட இல்லை.

இதழின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன இதழ். அவர்களைச் சந்திக்கு இழுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கடிதம் வந்ததிலிருந்து அதன் வாசகர்கள் படும் பாட்டைப் பார்க்கிறேன். சிலர் துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். சிலர் மிச்சப் பணத்தைக் கேட்கிறார்கள். சிலர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிறார்கள். ஒரு பொழுதுபோக்குப் பத்திரிகைக்கு இவ்வளவா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

முதலில் இது எந்த விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, விரல் உயரப் பொம்மை வீரர்களை நகர்த்தி, நடுவில் கதையும் சொல்லி ஆடுவது. 1974இல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தக் குடும்பத்தில் பெரிய பெயர். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடுவதற்கு எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே விதிப் புத்தகம் எழுதியிருக்கிறார். நம் தாயத்துக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இது தூரத்துச் சொந்தம். எங்கள் மேசையில் புதையல் என்று குவித்து வைப்பது ராமேஸ்வரத்தில் கிலோ கணக்கில் வாங்கிய சோழி.

மேசை இருப்பது கீழக்கரையில், காக்கா ஒருவர் வீட்டு மாடியில். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். அவர் துபாயில் இருந்த காலத்தில் பழைய இதழ்களைத் தேடித் தேடி வாங்கி, ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார். நான் ராமநாதபுரத்திலிருந்து போவேன். கூடவே ஒரு டீச்சர் அக்கா. ராமேஸ்வரத்திலிருந்து ஒரு தம்பி, பாம்பனிலிருந்து படகுக் குடும்பத்துத் தம்பி ஒருவன். சந்தா காக்காவின் பெயரில் ஒன்றே ஒன்று. படிப்பது ஐந்து பேர்.

இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சலூனில் ஒரு பேப்பரை இருபது பேர் படிப்பார்கள், கடைக்காரர் ஒருவர்தான் காசு கொடுத்திருப்பார். பொழுதுபோக்கு இதழ்களிலும் அதே கதை. ஒரு இதழ் நிற்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டால் ‘இத்தனை பேர் இருக்கும்போது எப்படி நஷ்டம் வரும்?’ என்று தோன்றும். சத்தம் போடுகிறவர்களில் எத்தனை பேர் காசு கட்டியவர்கள் என்பது வேறு கணக்கு. எங்கள் மாடியில் ஐந்து பேர் வருத்தப்பட்டோம். இதழின் கல்லாவைப் பொறுத்தவரை அங்கே இருந்தது ஒரு வாசகர்.

அடுத்து, இது படித்துவிட்டுப் போடுகிற இதழ் இல்லை. வழக்கமாக ஒரு விளையாட்டு இதழில் வரைபடத்தோடு ஆடத் தயாரான ஒரு கதை இருக்கும், புது விதிகள் இருக்கும், பொம்மைக்கு வண்ணம் அடிப்பது எப்படி என்று படம் போட்டிருக்கும். பழைய இதழ்களில் ‘ஆட ஆள் தேவை’ என்று வாசகர்கள் கொடுத்த வரி விளம்பரங்களும் உண்டு. ஒரு இதழில் வரும் கதையை ஆடி முடிக்க எங்களுக்கு மூன்று மாதம்கூட ஆகும். பெருநகரத்தில் கடை இருக்கும், கிளப் இருக்கும், தெரிந்தவர் வந்து சொல்லிக் கொடுப்பார். கீழக்கரையில் இதழ்தான் கடை, கிளப், வாத்தியார் எல்லாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மேசையில் போர்க்களம் அமைக்கக் குன்று வேண்டும். இதழில் அதற்கு ஒரு வகைக் கெட்டி நுரைப் பலகை வாங்கச் சொல்லியிருந்தார்கள். இங்கே எங்கே போவது? பாம்பன் தம்பி மீன் பேக் பண்ணும் தெர்மாகோல் பெட்டிகளைக் கொண்டுவந்தான். நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, கத்தியால் செதுக்கி அழகான குன்று ஒன்று செய்தோம். மேலே ஸ்பிரே பெயின்ட் அடித்தோம். கண்முன்னால் குன்று உருகிக் குழிந்து போனது. பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பிறகு பழைய இதழ்களைப் புரட்டினால், முதலில் பசையும் தண்ணீரில் கரையும் பெயின்டும் பூசி மூடிவிட வேண்டும் என்று ஒரு வாசகர் கடிதத்தில் இருந்தது, பல வருடங்களுக்கு முன்னால் அதே தவறைச் செய்த யாரோ எழுதியது. இன்றைக்கும் அந்தக் குன்று மேசையில் நிற்கிறது. மழை நாளில் லேசாகச் சாளை வாசம் வரும்.

இதே தகவல் இன்று இணையத்தில் ஆயிரம் வீடியோவில் கிடைக்கும் என்பது உண்மைதான். இதழ் தருவது வேறு. மாதம் பிறந்தால் ஒன்று வரும், வந்தால் அதை ஆட வேண்டும், ஆடுவதற்காக ஐந்து பேரும் கூட வேண்டும். காக்கா பேரன் பேத்தி எடுத்தவர், பாம்பன் தம்பிக்கு இருபத்துமூன்று வயது. இந்த இதழ் இல்லையென்றால் இவர்கள் ஒரு மேசையில் உட்காருவதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். அதைப் படித்து முடித்ததும் முதலில் பேசியது ராமேஸ்வரம் தம்பி. “அண்ணே, பாம்பன் பாலத்துல ரெண்டு வருசத்துக்கு மேல ரயில் ஓடல. இப்ப ஓடல?”

காக்கா தலை நிமிராமல் கேட்டார்: “தனுஷ்கோடிக்கு ஓடுதா?”

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் இன்னொரு நிறுத்தம் உண்டு. 1964 டிசம்பர் புயல் பாலத்தையும் சிதைத்தது, தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதையையும் அழித்தது. பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதை திரும்ப வரவே இல்லை. ஒரே புயலில் நின்றவை இரண்டும். எது திரும்பும், எது திரும்பாது என்று அன்றைக்குக் கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இதழ் விசிறிகளின் நிலைமை அதுதான். ‘நின்றுவிட்டது’ என்றால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டுப் போகலாம். ‘நிறுத்திவைத்திருக்கிறோம்’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை. அந்தச் சொல்லை நம்பி ஏமாந்த வரலாறும் அவர்களுக்கு இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் இதழ் ‘டிராகன்’. 1976இல் தொடங்கியது. 2007 செப்டம்பரில் 359ஆவது இதழோடு அச்சு நின்றது. அதன் தம்பி இதழான ‘டன்ஜன்’ 150ஆவது இதழோடு நின்றது. இரண்டும் மின்னிதழாகத் தொடர்ந்தன. 2013 கடைசியில், ஆட்டத்தின் புதிய பதிப்பு வருவதால் இரண்டுக்கும் ‘இடைவேளை’ விடுகிறோம் என்றார்கள். புதிய பதிப்பு 2014இல் வந்தது. இதழ்கள் பழைய உருவத்தில் வரவில்லை. 2015இல் ‘டிராகன் பிளஸ்’ என்று செயலி வடிவில் ஒன்று வந்து, 2022இல் அதுவும் நின்றது. அதைப் பார்த்தவர்கள் எங்கள் இதழின் கடிதத்தில் ‘தற்காலிகமாக’ என்ற சொல்லைப் படிக்கும்போது உதட்டைப் பிதுக்குவதில் ஆச்சரியமில்லை.

நமக்கும் இது புதிதில்லை. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ 1998இல் நின்று, ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டது. பின்னாளில் நின்றே போனது. சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் பல வருடம் எப்போது வரும் என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்து, 2012இல் திரும்பி எழுந்தன. காத்திருந்த காமிக்ஸ் ரசிகர்கள் ஜெயித்தார்கள். டீச்சர் அக்கா ‘கோகுலம்’ படித்து வளர்ந்தவர். 2020 கொரோனா முடக்கத்தில் ‘கல்கி’யோடு சேர்ந்து அதன் அச்சும் நின்றபோது, லாக்டவுன் முடிந்தால் வந்துவிடும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். அக்கா அன்றைக்குக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழைய இதழ்கள் இருக்கும் பெட்டியை எடுத்து, எண் வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். எங்கள் உப்புக்காற்றில் நடு ஊக்குகள் துருப்பிடித்து, ஒவ்வொரு இதழின் நடுப்பக்கத்திலும் பழுப்பாக இரண்டு கறை. ‘எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணணும்’ என்றார்.

அந்த அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2024 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் வீடியோ கேம் இதழ் ‘கேம் இன்ஃபார்மர்’ 33 வருடத்துக்குப் பிறகு மூடப்பட்டபோது, அதன் இணையதளம் முழுவதும் அன்றே மறைந்து ஒரே ஒரு விடைபெறும் பக்கமாகிவிட்டது. இதழ் நின்றதைவிட இது பலரைச் சுட்டது. அப்புறம் 2025 மார்ச்சில் வேறு நிறுவனத்தின் கையில் அது உயிர் பெற்றது, பழையதும் திரும்ப வந்தது என்பது தனிக் கதை.

பணத்துக்கு வருகிறேன். கோபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சந்தா என்பது வாசகருக்குச் செலவு, இதழுக்குக் கடன். ஒரு வருடப் பணத்தை முன்னால் வாங்கிவிட்டால் இன்னும் பன்னிரண்டு இதழ் கொடுக்கக் கடமைப்பட்டாகிவிட்டது. ஆனால் அந்தப் பணம் பெட்டியில் தூங்காது. இந்த மாத அச்சுக்கும் தபாலுக்கும் போய்விடும். அடுத்த மாத அச்சுக்கு அடுத்து வரும் சந்தாக்காரரின் பணம். ஆள் கூடிக்கொண்டே போகும்வரை இது வெளியே தெரியாது. கூடுவது நின்ற மாதத்தில் தெரிந்துவிடும்.

இப்போது ‘மூடுகிறோம்’ என்று அறிவித்தால் என்ன ஆகும்? எல்லாச் சந்தாக்காரரும் ஒரே நாளில் மிச்சத்தைக் கேட்பார்கள். ‘நிறுத்திவைக்கிறோம்’ என்றால் பாதிப் பேர் காத்திருப்பார்கள். அந்தச் சொல் இதழுக்கு மூச்சுவிட நேரம் வாங்கித் தருகிறது. இதை வைத்து இதழ்க்காரர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலும் அவர்களே அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். நம்புவதற்கு ஒரு வசதியும் இருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தாக் கடனை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1982ஐச் சொல்வார்கள். ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ என்ற போர் விளையாட்டு இதழ், ஒவ்வொரு இதழோடும் ஒரு முழு விளையாட்டையே வைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியது. அதை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்க, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் சொத்துகளை எடுத்துக்கொண்டது. பழைய சந்தாக்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டது. அதில் ஆயுள் சந்தா கட்டியவர்களும் இருந்தார்கள். ‘ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள்?’ என்று நம் சிற்றிதழ்க்காரர்கள் மத்தியில் ஒரு ஜோக் உண்டு. அந்த அமெரிக்கர்களுக்கு அது ஜோக்காக இருக்கவில்லை. வாசகர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். இதழ் கைமாறிக் கைமாறி இன்றும் வருகிறது; அந்தக் கசப்பும் அந்த வட்டத்தில் இன்றும் பேச்சில் வருகிறது. 2007இல் ‘டிராகன்’ அச்சு நின்றபோது, அப்போது அதை வெளியிட்டுக்கொண்டிருந்த பைசோ நேர்மாறாக நடந்துகொண்டது. ஏப்ரலிலேயே சொல்லிவிட்டு, செப்டம்பர்வரை இதழைக் கொடுத்துவிட்டு, மிச்சச் சந்தாவைத் தன் புதிய மாத வெளியீடான ‘பாத்ஃபைண்டர்’ பக்கம் மாற்றிக்கொள்ள வழி செய்தது. வாசகர்கள் பின்னாலேயே போனார்கள். இரண்டு வருடத்தில் அந்த நிறுவனம் அதே பெயரில் சொந்த ஆட்டத்தையே வெளியிட்டது.

அச்சுச் செலவைப் பற்றிச் சிவகாசியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: ஆயிரம் பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். பிரதி குறையக் குறைய ஒவ்வொன்றின் அடக்க விலையும் ஏறும். விலையை ஏற்றினால் பிரதி இன்னும் குறையும். கடைக்குப் போனதில் விற்காதது ரிட்டன் வரும். விளம்பரம் ஒன்றுதான் இதைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வந்த பிறகு, புது விளையாட்டு செய்கிறவர் இதழில் விளம்பரம் கொடுத்து ஆளைத் தேட வேண்டியதில்லை. நேராக வாசகரிடமே முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். இதழ் வளர்த்துவிட்ட கூட்டம், இதழைத் தாண்டிப் போய்ப் பொருள் வாங்கியது. 1977இல் தொடங்கிய ‘ஒயிட் டுவார்ஃப்’ மட்டும் அசையாமல் நிற்கிறதே என்பார்கள். அது கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற பொம்மை விற்கும் கம்பெனியின் சொந்த இதழ். இதழில் லாபம் இல்லாவிட்டாலும் பொம்மையில் வந்துவிடும். எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கும், ஆனால் அடுத்த கம்பெனி ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரி வராது.

எங்கள் இதழிலும் அறிகுறிகள் இருந்தன. பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதுபோல, முதலில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே இதழ் வந்தது. அப்புறம் பின்னட்டையில் வெளி விளம்பரம் போய், ‘சந்தா கட்டுங்கள்’ என்று இதழே தனக்குக் கொடுத்த விளம்பரம் வந்தது. பக்கம் குறைந்தது. நாங்கள் பார்த்தோம், பேசவில்லை. ரசிகர்களின் கோபத்தில் தன் மேலேயே உள்ள கோபமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து பேருக்கு ஒரு சந்தா என்பது அப்போது எங்களுக்குச் சாமர்த்தியமாகத்தான் பட்டது.

கடிதத்தைச் சரியாகப் படித்தது பாம்பன் தம்பிதான். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் கேட்டான்: “நிப்பாட்டி வச்சுட்டு என்ன வேலை பாப்பாகன்னு போடலையே?”

அவன் தடைக்காலத்தை வைத்துக் கேட்கிறான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாள், 2017 முதல் 61. மீன் இனப்பெருக்கம் என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, முடியும் தேதி சொல்லப்பட்டிருக்கிறது. அரசு குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது; அதை 5,000த்திலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் முதலமைச்சர் அறிவித்ததே மண்டபத்தில்தான். போதுமா என்றால் போதாது. அது வேறு விவகாரம். முக்கியமாக, அந்த 61 நாளும் யாரும் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், வலை பொத்துவார்கள். கரையில் நிற்கும் படகைச் சுற்றி ஆள் இருந்தால் அது திரும்பிப் போகப்போகிற படகு. ஆளே இல்லாமல் நிற்கிறதென்றால் அதைப் பலகைக்கு விற்கப்போகிறார்கள்.

இதழ் நிறுத்தத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ‘திரும்பி வருவோம்’ என்பதை எத்தனை உருக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பயனில்லை. இடைவேளையில் யாருக்குச் சம்பளம்? ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டாரா? அடுத்த இதழுக்குப் படைப்பு அனுப்பியவர்களுக்குப் பதில் போகிறதா? புதுச் சந்தா வாங்குவதை மூடிவிட்டார்களா? வாசகர்கள் நன்கொடை தருகிறோம், விலையை ஏற்றுங்கள், வருடத்துக்கு நாலு இதழாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் முன்வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் பல நேரங்களில் தீர்ந்துபோயிருப்பது பணம் மட்டும் இல்லை, அதை நடத்துகிற ஒன்றிரண்டு பேரின் தெம்பு. மாதா மாதம் இருபது வருடம் ஒரு கெடுவுக்குள் ஓடிய ஆள் உட்கார்ந்துவிட்டால், நன்கொடை அவரை எழுப்பாது. வேறு ஆள் வேண்டும்.

எங்கள் இதழ் கடிதம் வந்த அன்றே புதுச் சந்தா வாங்குவதை மூடிவிட்டது. கொடுக்க முடியாத இதழுக்குக் காசு வாங்கவில்லையே என்று எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை. ஆசிரியரின் மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் வருகிறது. அதில் நம்பிக்கை இல்லை.

சந்தாவில் ஏழு இதழ் பாக்கி. பணத்தைத் திரும்பப் பெறலாம், அந்த மதிப்புக்குப் பழைய இதழ்களை மின்வடிவில் எடுத்துக்கொள்ளலாம், இல்லை காத்திருக்கலாம் என்று மூன்று வழி கொடுத்திருந்தார்கள். ராமேஸ்வரம் தம்பி காத்திருக்கலாம் என்றான். அக்கா பழைய இதழ் கேட்டார். பாம்பன் தம்பி பணம் என்றான். நான் அக்கா பக்கம். சந்தா காக்காவின் பெயரில் இருப்பதால் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“இப்ப ஒண்ணும் போடாதீங்க,” என்றார். “ஜூன் பதினஞ்சுக்கு ஒரு லெட்டர் போடுவோம். எப்ப கடலுக்குப் போறீங்கன்னு கேப்போம். அதுக்கு என்ன பதில் வருதோ, அத வச்சு முடிவு.”

கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன், நாலே வரி. அந்த ஞாயிறு ஆட்டம் கிடையாது. பாம்பன் தம்பி கடலில் இருப்பான்.